துடைப்பமும் சாப்பாவும்: புனைகதையின் உட்பொருள் குறித்து

(வல்லார்பாடத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புனைகதையில் உட்பொருள் எப்படி அமைய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரிலும் பேசக்கூடிய தலைப்புதான். வல்லார்பாடத்தில் பேசுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. எடுத்துக்காட்டைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. இந்தத் தீவில் ஒரு நல்ல கதை 270 ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கி வருகிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1752இல் பள்ளியில் வீட்டு மீனாட்சியம்மா கைக்குழந்தையோடு மட்டாஞ்சேரிக்கு வள்ளத்தில் போகிறார். புயல் வருகிறது, வள்ளம் கவிழ்கிறது. பிழைத்தால் நானும் என் மகனும் சாகும்வரை உனக்கு அடிமை என்று வல்லார்பாடத்து மாதாவிடம் நேர்ந்துகொள்கிறார். மூன்றாம் நாள் பங்குத்தந்தை கனவு கண்டு மீனவர்களை வலை வீசச் சொல்ல, தாயும் பிள்ளையும் உயிரோடு வலையில் ஏறுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆலய முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். பின்னாளில் பீடத்து ஓவியத்தில், மாதாவின் காலடியில் இருவரையும் சேர்த்து வரைந்தார்கள். இன்றும் நேர்ச்சைக்காரர்கள் துடைப்பம் எடுத்து முற்றம் பெருக்குகிறார்கள்.

பக்தர்கள் இதை நம்புவதில் வியப்பில்லை. பக்தி இல்லாதவரையும் இந்தக் கதை பிடித்து நிறுத்துகிறதே, அதுதான் எழுதுபவன் கவனிக்க வேண்டியது. மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்ததை ஒருவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அதற்குப் பிறகு நடப்பதை நம்பாமல் இருக்க முடியாது. நாயர் தறவாட்டுக் குடும்பத்துப் பெண்மணி ஒருத்தி, ஆபத்து வேளையில் வாய்தவறி வந்த ஒரு சொல்லுக்காக, ஆபத்து நீங்கிய பிறகும் வாழ்நாள் முழுக்க வட்டி கட்டுகிறாள். அற்புதம் இந்தக் கதையின் நிகழ்ச்சி; கடன் அதன் உட்பொருள். கடன் என்று யாரும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடைப்பம் சொல்லிவிட்டது.

ஐதீகம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அது போதும். நாவலாசிரியனுக்குப் போதாது. நான் இதை எழுதினால் ஐதீகம் விட்ட இடத்தில்தான் தொடங்குவேன். மகளைத் தேடி வந்த தறவாட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? 1752இல் ஒரு நாயர் வீட்டுப் பெண் வேற்று மதத்துக் கோயில் வாசலைப் பெருக்குவது சின்ன விஷயமா? தாய்மாமன் வந்து நின்று, “நேர்ந்துகொண்டது நீ. பிள்ளையை எதற்கு அடிமையாக்குகிறாய்?” என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையா? பால்குடி மறக்காத பிள்ளையை யார் கேட்டு அடகு வைத்தாள் அவள்? இந்தக் கேள்வியை முழு வலுவோடு கேட்கவிட்டு, அதன் பிறகும் மீனாட்சியம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமல் இருந்தால்தான் அவளுடைய கடன் நமக்குக் கனக்கும். மாமனை வெறும் சாதி வெறியனாக எழுதிவிட்டால் அவள் எளிதாக ஜெயித்துவிடுவாள், கதை தோற்றுவிடும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு. உட்பொருள் என்பது ஆசிரியர் முன்கூட்டித் தீர்மானித்துக் கதைக்குள் வைக்கும் கருத்தாக இருந்தால் அது நம்பும்படி வராது. ஒருவன் எதையாவது இழந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு எதிராக நிற்பவனுக்கும் கதையில் இலை போட்டிருக்க வேண்டும். இரண்டும் ஏதோ ஒரு கைப்பொருளில், ஒரு தொழிலில், ஒரு வழக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நம் அகத்திணைக் கவிஞர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். நெய்தலின் இரங்கலை அவர்கள் தனியே எடுத்துப் பேசுவதில்லை. எற்பாட்டு வேளை வரும், உப்பங்கழி வரும், மீன் உணங்கும், புள் ஓட்டுவார்கள். அதற்குள்ளேதான் தலைவியின் வருத்தம் இருக்கும். நிலத்தையும் தொழிலையும் உருவிவிட்டால் அங்கே வெறும் புலம்பல் மிஞ்சும்.

கொஞ்சம் அருகில் வருவோம். இங்கிருந்து பார்த்தால் தெரியும் கிரேன்கள் சர்வதேசக் கன்டெய்னர் முனையத்துடையவை. 2011 பிப்ரவரி 11 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். அதற்காக இடப்பள்ளியிலிருந்து 8.86 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள், அதில் 4.62 கிலோமீட்டர் காயலின் மேல் போகும் பாலம். 2018இல் அசாமில் போகிபீல் பாலம் திறக்கும்வரை இந்தியாவின் மிக நீளமான ரயில் பாலம் அதுவே. முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்குமாக மூலம்பிள்ளி உள்ளிட்ட பல ஊர்களில் 316 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் போலீஸ் காவலோடு வீடுகள் இடிக்கப்பட்டன. போராட்டத்துக்குப் பிறகு மார்ச்சில் அரசு மறுவாழ்வுத் திட்டம் அறிவித்தது: மாற்று மனை, குடும்பத்துக்கு ஒருவருக்கு வேலை. ஒதுக்கப்பட்ட மனைகளில் பல சதுப்பு நிலத்தில் இருந்தன. கட்டினால் இறங்குகிறது என்ற புகார் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இதை வைத்துக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள், இருக்கத்தான் வேண்டும். ஆனால் இம்மாதிரிப் பொருளில் என்னிடம் வரும் கைப்பிரதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு மூதாட்டி, அவள் வைத்த தென்னை, ஈவிரக்கமில்லாத தாசில்தார், புல்டோசர், கடைசியில் தென்னை சாயும்போது மூதாட்டியும் சாய்வாள். படிப்பவருக்கு ஒரு சொல்லிலும் ஐயம் வராது. ஐயமே வராத இடத்தில் நம்பிக்கைக்கு என்ன வேலை? அநீதி நடந்தது என்பது நமக்குச் செய்தித்தாளிலேயே தெரியும். கதையும் அதையே திரும்பச் சொன்னால் அது மனு. மனுவுக்கு அதற்கான மரியாதை உண்டு, அதைக் கொடுக்கும் இடம் கலெக்டர் அலுவலகம்.

வேறு மாதிரி யோசித்துப் பார்ப்போம். அந்த வீட்டில் ஒரு மகன் இருக்கிறான் என்று வையுங்கள். தகப்பன் ஊன்றிவலைக்காரர். வீடு போனால் வலை ஊன்றும் இடத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு போயிற்று. மகனுக்குக் கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறது. முனையம் வந்தால் டிரெய்லர் ஓட்டலாம், மாதச் சம்பளம், கல்யாணம் கூடிவரும். அவன் துரோகியா? தகப்பனின் கைகள் உப்புநீரில் வெந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் அவன். அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று அவன் நினைப்பதில் என்ன பிழை? இப்போது கதைக்குள் இரண்டு நியாயங்கள் வந்துவிட்டன. இடிக்க வந்த நாளில் அவன் எங்கே நிற்கிறான் என்பது ஒரு கேள்வி. வாக்களித்த வேலை வராமல் போனால் அவன் யாரிடம் போய் நிற்பான் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தகப்பனிடம் போக முடியாது, தான் நம்பிய முனையத்திடமும் போக முடியாது.

இன்னும் ஒரு படி. மாற்று மனையின் பட்டா வருகிறது. நிலம் சேறு. பைலிங் அடிக்காமல் சுவர் நிற்காது. பைலிங்குக்கே நஷ்டஈடு முழுக்கப் போய்விடும். அந்தப் பட்டாவை என்ன செய்வார்கள்? தாய் அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைக்கலாம். மகன் அதை விற்க ஆள் பார்க்கலாம். தகப்பன் அதைத் தொடாமலே இருக்கலாம். ஒரே காகிதம், மூன்று பேர் கையில் மூன்று பொருள். தாயின் பக்கம் நின்று எழுதினால் அது காத்திருப்பின் கதை. மகனின் பக்கம் நின்றால் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள முடியாதவனின் கதை. தகப்பனுடையது தொடமாட்டேன் என்ற ஒரு பிடிவாதம். மேலே சொன்ன புள்ளிவிவரங்கள் எதுவும் மாறவில்லை. ஆள் மாற உட்பொருள் மாறிவிட்டது. ‘வளர்ச்சியும் இடப்பெயர்வும்’ என்று உட்பொருளை முதலிலேயே எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடைக்காது.

கைப்பொருள் என்றேன். மட்டாஞ்சேரியில் அதற்கு அருமையான சான்று உண்டு. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நாள்கூலிக்கு ஆள் எடுக்கும் முறைக்குச் சாப்பா முறை என்று பெயர். சாப்பா ஒரு சின்ன உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை. காத்து நிற்கும் கூட்டத்தின்மேல் கங்காணி வில்லைகளை வீசுவான். தொழிலாளிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்க வேண்டும். இந்த முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கே.எம். சிதம்பரன் இதை ‘துறமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023இல் அது படமாகவும் வந்தது.

சுரண்டல் என்று மேடையில் ஆயிரம் முறை சொல்லலாம். பசித்த மனிதர்களுக்கு நடுவே ஒரு வில்லையை எறிந்து, அவர்கள் ஒருவரையொருவர் மிதிப்பதை எறிந்தவன் வேடிக்கை பார்க்கும் காட்சி ஒன்றே போதும். இதில் நுட்பம் என்னவென்றால், சாப்பா முதலாளியின் கொடுமையை மட்டும் காட்டவில்லை. நான் எடுத்தால் உனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் விரலை மிதித்து எடுத்த வில்லையில் அன்றிரவு என் வீட்டில் உலை கொதிக்கும். குற்றம் மிதித்தவன் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. படத்திலும் அண்ணன் முதலாளிகளின் கையாளாகப் போக, தம்பி சங்கத்தின் பக்கம் நிற்கிறான். இருவரையும் பெற்றவள் ஒருத்தி. எதிர்த்தரப்பை வெளியிலிருந்து கொண்டுவராமல் அதே அடுக்களையிலிருந்து எடுத்ததுதான் அந்தக் கதையின் பலம்.  

தமிழில் இதற்கு இணையாக நான் முதலில் நினைப்பது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977இல் வந்த சிறிய நாவல், மணப்பாட்டுக் கடற்கரை. வாத்தியார் வேலையில் வெளியூரில் இருக்கும் மகன் செபஸ்தி, வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு என்னோடு வா என்று தகப்பனைக் கூப்பிடுகிறான். தகப்பன் குரூஸ் மிக்கேலுக்கு மனம் இல்லை. லாஞ்சிகள் வந்துவிட்ட காலம். லாஞ்சிக்காரர்களுக்கும் வள்ளக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது. ‘இயந்திரமும் மரபும்’ என்று பட்டிமன்றம் வைத்திருக்கலாம். வண்ணநிலவன் வைக்கவில்லை. மகன் கேட்பது அநியாயமாகவும் தோன்றவில்லை, தகப்பன் மறுப்பது பழமைவாதமாகவும் தோன்றவில்லை. மகள் பிலோமியின் தாய்க்கும் உள்ளூர் வாத்திக்கும் இருக்கும் உறவை ஊர் எப்படிப் பேசும் என்று நமக்குத் தெரியும். நாவல் அந்த நாக்கைக் கடன் வாங்குவதில்லை. அன்பு அந்த நாவலின் உட்பொருள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். அன்பைப் பற்றி உபதேசம் செய்யாமல், கண்டிக்க வேண்டிய இடங்களில் கண்டிக்க மறுத்தே அதைச் சாதித்திருக்கிறார். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இதைவிடப் பெரிய வலை, மூன்று தலைமுறை மீன்பாடு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

‘செம்மீன்’ பற்றிச் சொல்லாமல் கேரளக் கரையில் நின்று இதைப் பேச முடியாது. தகழி 1956இல் எழுதினார், சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே தாய் சக்கி மகள் கருத்தம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். உட்பொருளை இப்படி வாசலிலேயே வைப்பது ஆபத்தான வேலை. கருத்தம்மா, பரீக்குட்டி, பழனி மூவரும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டவர்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் பாதி சம்மதம். மீதிப் பாதியில் தகழியின் சாமர்த்தியம் இருக்கிறது. கருத்தம்மா பெரும்பகுதிக்கு நேர்மையான மனைவியாக வாழ முயல்கிறாள். அப்போதும் ஊர் அவளை விடுவதில்லை. நம்பிக்கை அவளைக் காப்பாற்றவில்லை, அவளைத் துரத்துகிறது. கடைசியில் பழனி கடலில் சாவது பெரிய சுறாவோடு போராடித்தான். கடலம்மா தண்டித்தாளா, கடல் கொண்டுபோயிற்றா என்று தகழி தீர்ப்பு எழுதவில்லை. எழுதியிருந்தால் நம்பாதவர்களை அந்த ஒரு வரியிலேயே இழந்திருப்பார்.

தீர்ப்பு என்றதும் புதுமைப்பித்தன். 1934இல் அவர் எழுதிய ‘பொன்னகரம்’ மிகச் சிறிய கதை. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். மில் வேலைக்குப் போகும் அம்மாளு அவனுடைய பால் கஞ்சிக்காகச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அதன் பிறகு ஆசிரியர் மேடைக்கே வந்து கற்பைப் பற்றிப் பேசும் கனவான்களைப் பார்த்துக் குத்துகிறார். அந்தக் குத்து தமிழ் வாசகர்களுக்கு மனப்பாடம். எனக்கோ முக்கால் ரூபாயோடு கதை முடிந்திருக்கலாம் என்று எப்போதும் தோன்றும். அந்தத் தொகையின் துல்லியத்தில் எல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான்.

அதே எழுத்தாளர் 1943இல் ‘செல்லம்மாள்’ எழுதும்போது அப்படி மேடைக்கு வரவில்லை. சென்னையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, ஓயாத நோயாளியான மனைவி. கதை அவள் சாவில் தொடங்குகிறது. உயிர் பிரிந்ததும் அவருக்குத் துக்கம் பொங்கவில்லை. பளு குறைந்தது போல் இருக்கிறது. இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் அவளை நேசித்தார் என்பதற்குக் கதை முழுக்கச் சாட்சி இருக்கிறது: சமைப்பது, மருந்து கொடுப்பது, கடையிலிருந்து புடவைகள் கொண்டுவந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது. அந்த அன்புக்குள்ளேயே அலுப்பும் விடுதலை உணர்வும் இருக்கின்றன. அன்பா, சலிப்பா என்று புதுமைப்பித்தன் கோடு கிழிக்கவில்லை. பிரமநாயகம் பிள்ளைக்கு எதிர்த்தரப்பு பிரமநாயகம் பிள்ளையேதான். ஒன்பது ஆண்டுகளில் ஒரு கலைஞன் நடந்த தூரம் இந்த இரண்டு கதைகளுக்கும் இடையில் இருக்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்பதே எழுத்தாளனுக்குக் கடமை, விடை சொல்வது அவன் கடமையில்லை என்று 1888இல் செக்காவ் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதினார். புதுமைப்பித்தனுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

இந்தக் காயலின் நாவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். என்.எஸ். மாதவனின் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ 2003இல் வந்தது. இரா. முருகன் தமிழில் ‘பீரங்கிப் பாடல்கள்’ என்று கொண்டுவந்திருக்கிறார். கொச்சிக் காயலில் மாதவன் கற்பனையாக எழுப்பிய தீவு லந்தன்பத்தேரி. தச்சர்களும் மீனவர்களும் வாழும் அதைச் சொல்பவள் ஜெசீக்கா. அம்மைத் தடுப்பூசியும், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான 1959 விமோசன சமரமும், சவிட்டு நாடகமும் ஊர்வம்புபோல அவள் வாயிலிருந்து வருகின்றன. இதன் உட்பொருள் என்ன என்று ஒரு வரியில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் நாவல் பலவீனமாகிவிடவில்லை.

மேடைப் பலகையை மிதித்து ஆடும் இந்தச் சவிட்டு நாடகத்தோடு நமக்கும் உறவு உண்டு. அதைக் கொச்சிக் கரையில் தொடங்கிவைத்தவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. சுவடிகள் தமிழ் கலந்த மலையாளத்தில் இருக்கின்றன. ஆட்டுவிப்பவரை அண்ணாவி என்று அழைக்கும் வழக்கம் மன்னார், யாழ்ப்பாணக் கூத்துகளிலும் உண்டு. இந்த நாடகத்துக்குக் கொடுக்கப்பட்ட உட்பொருள் தெளிவானது. ‘காறல்மான் சரித்திரம்’ பிராங்கிய மன்னன் சார்லமேனும் அவனுடைய பன்னிரு வீரர்களும் துருக்கரை வென்ற கதை. கிறிஸ்தவத்தின் வெற்றியைப் பாமரருக்குச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அதை ஆடியவர்கள் மீன்பிடிப்பவர்கள், தச்சர்கள், சுமை தூக்குபவர்கள். பகலெல்லாம் குனிந்து வேலை செய்த உடல் இரவில் ஜரிகை அங்கியும் மகுடமும் பூட்டி, பலகை மேடை அதிரும்படி மிதிக்கிறது. சார்லமேனுக்காகவா இந்தக் கரைக்காரர்கள் விடிய விடிய விழித்திருந்தார்கள்? ஓர் இரவுக்கேனும் நிமிர்ந்து நிற்பதற்காக என்றுதான் நான் எண்ணுகிறேன். சுவடியில் எழுதிய உட்பொருள் ஒன்று, மேடைப் பலகை சொன்னது வேறு. ஆசிரியர் நினைத்ததை மீறிக் கதை இப்படி வேறொன்றைச் சொல்லத் தொடங்கும்போது அதைத் தடுக்கக் கூடாது. எழுத்தில் நல்லது பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

எழுதுகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. முதல் படியில் உட்பொருளைத் தேடாதீர்கள். எழுதி முடித்துப் படிக்கும்போது எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, யார் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். நீங்கள் எழுத நினைத்ததற்கும் கோடுகள் காட்டுவதற்கும் சம்பந்தம் இல்லாமல் போனால் கோடுகளை நம்புங்கள். பாத்திரம் ஒன்று உங்கள் கருத்தை அழகாக, முழு வாக்கியத்தில் பேசும் இடம் நிச்சயம் ஒன்று இருக்கும். உங்களுக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவாகத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது கதைகளில் ஒன்றும் குறையாது. பத்தாவதில் குறைந்தால், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெங்கும் உட்பொருள் இல்லை என்று அர்த்தம். மறுபடி எழுத வேண்டியதுதான்.

மூலம்பிள்ளிக் கதையை நான் எழுதப் போவதில்லை. அந்தச் சேற்றில் கால் வைத்தவர்கள் எழுத வேண்டிய கதை அது. அவர்களில் யாராவது இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 6 காலையில் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்த அதிகாரியின் பகுதியை முதலில் எழுதுங்கள். முந்தின இரவு அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், உத்தரவை மறுத்தால் அவருக்கு என்ன ஆகும், வாசலில் நின்றபோது யார் முகத்தைப் பார்க்காமல் இருக்க எங்கே பார்த்தார் என்று எழுதிப் பாருங்கள். எழுத எழுத அவர்மேல் உங்களுக்குக் கோபம் குறையவும் கூடாது, அவர் பொம்மையாகவும் ஆகக் கூடாது. அந்தப் பத்துப் பக்கம் கைகூடிய பிறகு மூதாட்டியிடமும் தென்னையிடமும் வாருங்கள்.